எலிக்குத் திரும்பிய நினைவு அண்ணனுக்கும் திரும்புமா?

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி:
ஏற்காட்டிலிருந்து பைக்கில் இறங்கும்போது கொண்டை ஊசி வளைவில் அண்ணன் சறுக்கி விழுந்தார். ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் சும்மா இருந்தது. தலைக்குள் ரத்தக்கட்டு, அறுவை சிகிச்சை, எப்படியோ பிழைத்துவிட்டார். இப்போது கொலுசுப் பட்டறைக்கு வருகிறார். கை எதையும் மறக்கவில்லை. சலங்கை பற்றவைத்தால் பழைய சுத்தம் அப்படியே இருக்கிறது. ஆனால் காலையில் யாருக்கு எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தார் என்பது மதியம் நினைவில் இல்லை. வாங்கிப் போனவருக்கே மறுபடியும் எடை போடுகிறார். கணக்கு உதைக்கிறது. கேட்டால் கோபம் வருகிறது.

தலையில் அடிபட்ட சுண்டெலிகளுக்கு இஸ்ரிப் என்ற மருந்து நினைவைத் திருப்பிக் கொடுத்ததாகப் படித்தேன். இணையத்தில் பொடியாகவே விற்கிறார்கள். வாங்கலாமா? மருத்துவர் எழுதிய சிட்டிகோலின் மாத்திரை விலையும் கட்டுப்படியாகவில்லை. அந்த மாத்திரையாவது உதவுமா?

அம்மாபேட்டை அத்தை:
தம்பி, வல்லாரையைத் துவையல் அரைத்துக் கொடுங்கள். வல்லாரைச் சாறு குடித்த எலிகள் வழி மறக்கவில்லை என்று மருந்தியல் படிக்கும் பிள்ளைகள் ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள்.

நீச்சல்தொட்டி:
அத்தை, அந்த மாதிரி ஆராய்ச்சிகளில் எலியைப் பிடித்த கை என்னுடையது. சேலம் பக்கம் ஒரு மருந்தியல் கல்லூரி ஆய்வகத்தில் வேலை. 1981இல் ரிச்சர்ட் மோரிஸ் விவரித்த முறைதான்: வட்டத்தொட்டி, பால் பவுடர் கலக்கிய தண்ணீர், நீர்மட்டத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாத மேடை. சுற்றியுள்ள அடையாளங்களை வைத்து எலி மேடையைக் கண்டுபிடிக்க வேண்டும். மருந்து எலியை வேகமாக நீந்த வைத்தாலே நேரம் குறைந்து, நினைவு கூடியதுபோலத் தோன்றிவிடும். அதனால் கடைசியில் மேடையை எடுத்துவிட்டு, பழைய இடத்திலேயே சுற்றித் தேடுகிறதா என்று பார்ப்போம். இல்லாத மேடையைத் தேடும் எலியைப் பார்க்கப் பாவமாக இருக்கும். எங்களுக்கு வேண்டிய விடை அந்தத் தேடலில்தான் இருக்கிறது.

ஆனால் வல்லாரை எலிகளுக்கு மண்டையில் அடி எதுவும் படவில்லை. ஸ்கோபோலமின் ஊசி போட்டுச் சில மணி நேர மறதியை வரவழைப்போம். ஊசி தெளிந்தால் மறதியும் தெளியும். அதை ஒரு சாறு குறைத்தது என்றால், நசுங்கிய மூளையைப் பற்றி எதுவும் தெரிந்துவிடாது. துவையல் சாப்பிடட்டும், சோற்றுக்கு நன்றாக இருக்கும்.

இஸ்ரிப் செய்தி பொய்யில்லை. கலிஃபோர்னியாவில் சூசன்னா ரோசி, பீட்டர் வால்டர் குழுவினர் 2017இல் வெளியிட்டார்கள். அடிபட்ட மூளையில் செல்கள் புரத உற்பத்தியை அடக்கி வைக்கின்றன. நீண்டகால நினைவு பதியப் புதிய புரதம் வேண்டும். இஸ்ரிப் அந்தத் தடையை நீக்குகிறது. அடிபட்டு நான்கு வாரம் கழித்துக் கொடுத்தும் பலித்ததுதான் ஆச்சரியம். ஆனால் அந்தச் சுண்டெலிகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒரே இடத்தில், ஒரே வேகத்தில் இயந்திரத் தண்டு இறக்கியிருக்கிறார்கள். மலைப்பாதையில் விழுந்தவருக்கு அப்படி அளந்தா அடிபடுகிறது?

புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் அடிபட்ட எலிகளிடம் அருமையாகப் பலித்ததுதான். இரண்டு பெரிய ஆய்வுகளில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களிடம் பார்த்தார்கள். 2014இல் வந்த முடிவு, பலன் இல்லை. சிட்டிகோலினை அமெரிக்காவில் 1,213 பேரிடம் 90 நாள் சோதித்தார்கள். போலி மாத்திரையைவிட மேலாக இல்லை என்று 2012இல் வெளியானது. இதை உங்கள் மருத்துவரிடமே சொல்லி, தொடர வேண்டுமா என்று கேளுங்கள். வலிப்பு மாத்திரை இருந்தால் அதை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இணையப் பொடியை வாங்கவே வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? உண்மையான இஸ்ரிப்பாகவே இருந்தாலும் தண்ணீரில் சரியாகக் கரையாது. அதே வகை மருந்துகளை, நரம்பு செயலிழந்து தசைகள் தளரும் ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் சோதித்தார்கள், எதிர்பார்த்த பலன் வரவில்லை.

கன்னங்குறிச்சிக்காரன்:
எலி மண்டையை உடைப்பதற்கெல்லாம் சம்பளமா?

நீச்சல்தொட்டி:
நான் உடைத்ததில்லை, ஊசிதான் போட்டேன். அதற்கே நெறிக்குழுவின் அனுமதி வேண்டும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வேறு வழியில்லையா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உறுத்தலே இல்லை என்று சொல்லமாட்டேன்.

தம்பி, அண்ணனுக்குக் கைப்பழக்கம் தங்கியிருக்கிறது, புதிய செய்திதான் தங்கவில்லை. இரண்டுக்கும் மூளையில் வேறு வேறு இடம். தங்கியிருப்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளி தராசை விட்டு இறங்குமுன் பெயரும் கிராமும் நோட்டில் ஏற வேண்டும். வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டும். தினமும் இதே வரிசையில் நடந்தால் கையே பழகிக்கொள்ளும்.

செவ்வாய்ப்பேட்டைத் தம்பி:
நோட்டு எங்கே என்பதையே மறந்துவிடுகிறாரே ஐயா?

நீச்சல்தொட்டி:
தராசோடு கயிற்றில் கட்டிவிடுங்கள். பேனாவையும் சேர்த்து.