பழைய ஜிப்ஸி வாங்கியிருக்கிறேன், அடுத்து எதைப் பார்க்கலாம்?

வணக்கம் நண்பர்களே. கூடலூர் பக்கம் தோட்டத்துக்குப் போய்வர, போன வாரம் 2006 மாடல் மாருதி ஜிப்ஸி வாங்கினேன். 1.3 லிட்டர் பெட்ரோல், ஃபோர் வீல் டிரைவ். முன்பு வைத்திருந்தவரிடம் சர்வீஸ் ரசீது எதுவும் இல்லை. அதனால் டைமிங் பெல்ட்டை யோசிக்காமல் மாற்றிவிட்டேன். இன்ஜின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாம் புதுசு.

கவலை வண்டிக்கு அடியில்தான். பின் டிஃபரன்ஷியல் (பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஆயிலை இறக்கினால் பால் ஊற்றிய டீ மாதிரி வந்தது. ஓடையில் இறங்கியபோது பிரீதர் (அந்தப் பெட்டியின் காற்றுத் துளை) வழியாகத் தண்ணீர் போயிருக்கும். புது ஆயில் ஊற்றி 200 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறக்கிப் பார்த்தால் போதுமா, இல்லை பேரிங்கைக் கழற்றியே ஆக வேண்டுமா?

முன்சக்கரங்களில் நக்கிள் உருண்டை (சக்கரம் திரும்பும் மூட்டு) மேல் கெட்டியான கிரீஸுக்குப் பதிலாக நீர்த்த கறுப்பு எண்ணெய் வழிகிறது. உள் ஆக்ஸில் சீல் போய், ஆயில் கிரீஸோடு கலக்கிறது என்று படுகிறது. எப்படியும் பிரிக்கத்தான் போகிறோம், கிங்பின் (அந்த மூட்டு திரும்பும் அச்சு) பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடலாமா?

ஃபோர் வீல் டிரைவ் போடும் லிவர் கியரில் விழுகிறது, ஆனால் இறுக்கமாக. தார் ரோட்டில் போட்டு ஓட்டக்கூடாது என்பதால் தோட்டத்து மண்ணில்தான் சோதித்தேன். அப்புறம், பின் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டும் இடத்தில் சேஸிஸில் துரு. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், ஓரிடத்தில் செதிலாக உதிர்ந்தது. எனக்கு இதுதான் பெரிய பயம்.

ஜூன் மழைக்குள் முடிக்க வேண்டும். ஊட்டியிலோ கோவையிலோ ஜிப்ஸி நன்றாகத் தெரிந்த மெக்கானிக் இருந்தால் சொல்லுங்கள்.