தரங்கம்பாடியில் பழைய வீட்டைப் பூசும் முன்

சங்க உறவுகளுக்கு வணக்கம்.

தை பிறந்ததும் ஊரில் வீட்டு வேலை தொடங்கப் போகிறவர்கள் கொத்தனாரிடம் முதலில் சொல்ல வேண்டியது: சிமெண்ட் வேண்டாம், சுண்ணாம்புப் பூச்சுதான் வேண்டும்.

நம் ஊரில் எதைக் கேட்டாலும் "1620-இல் டேனிஷ்காரர் கட்டியது" என்று சொல்லிவிடும் பழக்கம் உண்டு. 1620 என்பது தஞ்சை ரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை ஆகி, டேனிஷ் தளபதி ஓவே ஜெட்டெ டேன்ஸ்போர்க் கோட்டையைத் தொடங்கிய ஆண்டு. சீயோன் ஆலயம் 1701. ஜெர்மன் மறைப்பணியாளர் சீகன்பால்கு கட்டிய புதிய எருசலேம் ஆலயம் 1718. அவர் முதலில் கட்டிய ஆலயம் கடலோடு போய்விட்டது. இப்போது நிற்கும் வெள்ளை நகர வாயில் 1792. இவற்றுக்கெல்லாம் மூத்தது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் 1306-இல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில். போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியதே 1824-இல்தான். ஆக, ஆலயமானாலும் வாயிலானாலும் கட்டிய நாளில் ஒரு பிடி சிமெண்ட் பார்த்ததில்லை. நகர வாயிலுக்குள் இருக்கும் நம் பழைய வீடுகளும் அதே செங்கல், அதே சுண்ணாம்புதான்.

கடலோர மண்ணின் உப்பு ஈரத்தோடு சுவரில் ஏறுகிறது. சுண்ணாம்புப் பூச்சு மூச்சு விடும். ஈரம் அதன் வழியே வெளியேறிவிடும். உப்பு பூச்சிலேயே தங்கி, சில ஆண்டுகளில் பூச்சு உதிரும். உதிர்வது பூச்சுதான், செங்கல் பிழைத்துக்கொள்ளும். சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, செங்கல்லின் முகத்தையே பொடியாக்கும். விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பானையைத் தட்டுவது போல் 'டொக்' என்று கேட்டால் உள்ளே பூச்சு சுவரை விட்டுப்போயிற்று. அந்தப் பூச்சு பலகையாகக் கழன்று விழும்போது, அதன் முதுகில் செங்கல்லின் சிவப்புத் தோல் அரை அங்குலம் ஒட்டிக்கொண்டு வரும்.

சரியான வேலைக்கு, பூசுவதற்கு மூன்று வாரம் முன்பே சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றி, நீர் மூடியிருக்க ஊற விட வேண்டும். குறைந்தது 15 நாள். மாதக்கணக்கில் ஊறினால் இன்னும் நல்லது. நீறாத கட்டி ஒன்று தப்பினாலும் பிறகு சுவரில் பொரிந்து குழி விழும், ஆகவே சல்லடை கட்டாயம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு ஆற்று மணல். கடற்கரை மணல் கூடவே கூடாது. உப்பை நாமே சுவருக்குள் வைத்த மாதிரி ஆகும். இடித்த கடுக்காயையும் வெல்லத்தையும் சில நாள் ஊறப்போட்ட நீரை விட்டுக் கலவையை அரைக்க வேண்டும். பூசும் முன் இணைப்புகளைச் சுரண்டி, சுவரை நனைக்க வேண்டும். ஒரு கை பூச்சு 12 மில்லிமீட்டருக்கு மேல் போனால் வெடிக்கும். பூசிய பின் ஒரு வாரமாவது ஈரச் சாக்கு தொங்கட்டும். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை இழுத்து இறுகுவது, அவசரப்படுத்த முடியாது. சித்திரை வெயிலில் வெடிக்கும், ஐப்பசி மழையில் கரையும். தை முதல் பங்குனி வரைதான் காலம்.

மாடியில் நடக்கும் தவறு இதைவிட ஆபத்தானது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு அடித்து, மேலே தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் அது. ஒழுகுகிறது என்று மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போடுகிறார்கள். சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு இரண்டு டன். அந்தச் சட்டங்களின் முனை சுவருக்குள் ஏற்கெனவே இற்றுப்போயிருக்கலாம். பெரும்பாலும் ஒழுகல் தொடங்குவது மழைநீர்த் தூம்பின் வாயிலும், கைப்பிடிச் சுவரில் முளைத்த அரசங்கன்றின் வேரிலும்தான். கன்றை வெட்டினால் மறுபடி துளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். உடைந்த தட்டோடுகளை மட்டும் மாற்றி, ஓடுகளின் இடைச் சந்துகளைச் சுண்ணாம்பால் அடைத்தாலே பல வீடுகளுக்குப் போதும்.

கடைசியாக வண்ணம். இவ்வளவும் செய்துவிட்டு மேலே பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் சிமெண்ட் பூசிய கதைதான். நீர்த்த சுண்ணாம்பை மூன்று கை பூச வேண்டும், ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது.