குடிக்கும் ஆர்ஓ தண்ணீர் கடல்நீர்த் தொட்டிக்கு ஆகுமா? மணலில் பழுப்புப் படலம், நத்தைகள் இறக்கின்றன

கேள்வி

வணக்கம். வீட்டில் 120 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு க்ளீனர் இறால், சில மென்பவளங்கள், நத்தைகள். தொட்டி தொடங்கி ஆறேழு மாதம் ஆகிவிட்டதால், புதுத் தொட்டி என்றால் இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட மனம் வரவில்லை.

மணல் மேல் பழுப்பு நிறத்தில் ஒரு படலம் படிகிறது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாலும் இரண்டு மூன்று நாளில் மறுபடி வந்துவிடுகிறது. கண்ணாடியில் படிந்ததை விரலால் தொட்டாலே தூளாகக் கலைகிறது. அதைவிடப் பெரிய கவலை நத்தைகள்தான். கண்ணாடியிலிருந்து மணலில் விழுந்து, ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லாமல் கிடக்கின்றன. நிமிர்த்தி வைத்தாலும் நகர்வதில்லை. ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. மீன்களுக்கு ஒரு குறையும் இல்லை, நன்றாகச் சாப்பிடுகின்றன.

உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 26 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம். நைட்ரேட் 25, பாஸ்பேட் 0.2.

வீட்டில் குடிப்பதற்கு வைத்திருக்கும் ஆர்ஓ இயந்திரத்துத் தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன். ஆவியாகிக் குறைவதையும் அதைக்கொண்டே நிரப்புகிறேன், நாளுக்குச் சுமார் 2 லிட்டர். குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 480, சுத்திகரித்த பின் 85. இது போதாதா? டிஸ்டில்டு வாட்டர், கேன் குடிநீர், சாஃப்ட்னர், தனி ஆர்ஓ-டிஐ (ஆர்ஓவுக்குப் பின் மிஞ்சும் உப்புகளையும் ரெசின் மணிகளால் நீக்குவது) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதற்கு மாறுவது?

பதில் 1

நண்பரே, அந்த 85-ஐக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆர்ஓவில் வடிகட்டும் சவ்வுதான் மெம்ப்ரேன். அது நல்ல நிலையில் இருந்தால், கரைந்திருப்பதில் 95 சதவீதம் வரை தடுத்துவிடும். 480 உள்ளே போனால் 25-ஐ ஒட்டித்தான் வெளியே வரவேண்டும். 85 வருகிறது என்றால் மெம்ப்ரேன் தேய்ந்திருக்கலாம், அழுத்தம் போதாமல் இருக்கலாம், அல்லது மெம்ப்ரேனைத் தாண்டிய பிறகு தண்ணீரில் ஏதோ சேரலாம். குடிநீர் இயந்திரங்களில் நான் அதிகம் பார்த்தது கடைசியாகச் சொன்னதைத்தான்.

மூடியைத் திறந்து, மெம்ப்ரேனிலிருந்து வரும் மெல்லிய குழாயைக் கழற்றி, அந்த இடத்திலேயே ஒரு டம்ளர் பிடித்து அளந்து பாருங்கள். இயந்திரம் ஓட ஆரம்பித்ததும் பிடிக்க வேண்டாம், சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். அதற்கு அப்புறம் வரிசையாக என்னென்ன கேட்ரிட்ஜ் இருக்கிறது, மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்பதையும் படித்துச் சொல்லுங்கள்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். மெம்ப்ரேன் வாயில் 21, குடிக்கும் குழாயில் 85. நடுவில் ஒரு சிறு திருகு இருக்கிறது. வடிகட்டிய தண்ணீரில் வடிகட்டாததைக் கொஞ்சம் கலக்கும் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று கையேட்டில் போட்டிருக்கிறது. அடுத்து யுவி விளக்கு. கடைசியில் ஒரு கேட்ரிட்ஜ், அதன் மேல் “காப்பர், மினரல்” என்று எழுதியிருக்கிறது.

பதில் 2

நத்தைகள் சாவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது அந்தக் கடைசி கேட்ரிட்ஜைத்தான். நமக்கு ஒன்றும் செய்யாத அளவுச் செம்பு, நத்தை, இறால், நட்சத்திர மீன், பவளம் போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம். மீன்களின் வெண்புள்ளி நோய்க்குச் செம்பு மருந்து போடும்போது லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் வரை வைப்பார்கள். மீன் அதைத் தாங்கிக்கொள்ளும், நத்தை தாங்காது. அதனால்தான் அந்த மருந்தைத் தனித் தொட்டியில் மட்டும் போடுகிறோம். உங்கள் மீன்கள் நன்றாக இருக்க, நத்தைகள் மட்டும் சாவது இதற்குப் பொருந்திவருகிறது.

“அந்த கேட்ரிட்ஜ் விடும் செம்பு மிகக் குறைவுதானே” என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தண்ணீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் செம்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 2 லிட்டர் என்றால் மாதத்துக்கு 60 லிட்டர், அதில் 3 மில்லிகிராம். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான், செம்பு தொட்டியிலேயே தங்கிவிடும். ஒரே மாதத்தில் 120 லிட்டரில் லிட்டருக்கு 0.025 சேர்ந்துவிடுகிறது. திறந்த கடலில் செம்பு லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்கூட இருக்காது. தொட்டியில் சேரும் செம்பில் ஒரு பகுதி கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு பிறகு மெல்ல வெளியே வரவும் செய்யும். சாதாரணச் சோதனைக் கிட் இவ்வளவு சிறிய அளவைக் காட்டாது என்பதால், கிட் பூஜ்யம் காட்டினாலும் நிம்மதி அடைய வேண்டாம்.

உப்பு கலக்கும் தண்ணீரைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். ஆவியானதை ஈடுகட்டத் தினமும் ஊற்றும் டாப்-அப் தண்ணீரைத்தான் கண்டுகொள்வதில்லை. தண்ணீர் மாற்றும்போது பழையதில் கொஞ்சம் வெளியே போகிறது. டாப்-அப் செய்யும்போது எதுவும் வெளியே போவதில்லை, அதில் வருவது நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே இருக்கும்.

பழுப்புப் படலம் நீங்கள் சொல்லும் விதத்தில் டையாட்டம் என்ற நுண்பாசி போலத் தெரிகிறது. அதற்கு ஓடு கட்டச் சிலிக்கேட் வேண்டும். 21-லிருந்து 85 ஏறுவதைப் பார்த்தால், அதிகபட்சம் ஏழில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் அந்தத் திருகு வழியே அப்படியே வருகிறது. அதில் சிலிக்கேட்டும் வரும், நைட்ரேட்டும் வரும். யுவி கிருமியைக் கொல்லுமே தவிர, கரைந்திருப்பதில் ஒரு துளியையும் எடுக்காது. ஒன்று மட்டும் பார்த்துவிடுங்கள்: படலம் நூல் நூலாக நீண்டு, நுனியில் காற்றுக் குமிழி பிடித்திருந்தால் அது டினோஃப்ளாஜெல்லேட் என்ற வேறு நுண்ணுயிர். அதற்கு வைத்தியம் வேறு.

பதில் 3

என்னிடம் இருப்பது மீன் மட்டும் உள்ள தொட்டி. குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கும் மருந்து விட்டே நெடுநாளாக நடத்துகிறேன், மீன்கள் நலம். இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

பதில் 2

மீன் மட்டும் என்றால் உங்கள் முறை நடக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த மருந்து குளோரினை மட்டும்தான் முறிக்கும். செம்பு, சிலிக்கேட், நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அப்படியே இருக்கும். தண்ணீர் வாரியம் குளோரினுக்குப் பதில், குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் போட்டால், அதை முறித்தபின் அம்மோனியா மிஞ்சும். இரவு முழுக்கத் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், குளோரமின் எளிதில் போகாது. இவர் பவளமும் இறாலும் வைத்திருக்கிறார். அந்த உயிர்களை வைத்துக்கொண்டு குழாய்த் தண்ணீரை நம்பச் சொல்ல எனக்கு மனசு வராது.

கேட்டவர்

கேட்ரிட்ஜ் விஷயம் புரிந்தது, கேட்கவே சங்கடமாக இருக்கிறது. அப்படியானால் டிஸ்டில்டு வாட்டருக்கு மாறிவிடலாமா? கொதிக்க வைத்து ஆற்றினால் பயன் உண்டா?

பதில் 4

கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் குறையும், செம்பும் நைட்ரேட்டும் முன்பைவிட அடர்த்தியாகும். அது வேண்டாம். சாஃப்ட்னரும் வேண்டாம். அது கால்சியம், மெக்னீசியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது, டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். கேன் குடிநீரில் ருசிக்காகத் தாது சேர்ப்பது வழக்கம், அதனால் அதுவும் கழிகிறது. உண்மையான டிஸ்டில்டு வாட்டர் நல்ல தண்ணீர்தான், ஆனால் மாதம் 60 லிட்டர் டாப்-அப், அதுபோக மாற்றும் தண்ணீர் என்று வாங்கிச் சுமக்க முடியுமா என்று யோசியுங்கள். ஆவியைக் குளிர்விக்கும் குழாய் செம்பாக இருந்தால் அதுவும் ஆகாது.

என் யோசனை, இருக்கும் இயந்திரத்தையே பயன்படுத்துவது. மெம்ப்ரேன் 21 கொடுக்கிறது, அது நல்ல மெம்ப்ரேன். அதன் வாயில் ஒரு டி இணைப்பும் ஒரு வால்வும் போட்டு, கன்ட்ரோலர், யுவி, காப்பர் கேட்ரிட்ஜ் மூன்றையும் தொடாமல் தண்ணீரைத் தனியே வெளியே எடுங்கள். அதைக் கலப்பு டிஐ ரெசின் நிரப்பிய ஒரு குடுவை வழியாக விட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டும். குடிநீர் எப்போதும்போல் வரும், தொட்டிக்கு வேறு வழி. இணைப்புகள் பிளாஸ்டிக்கில் இருக்கட்டும், பித்தளை வேண்டாம். சுத்தத் தண்ணீர் உலோகத்தைச் சீக்கிரம் கரைத்துக்கொள்ளும்.

இயந்திரம் நின்றிருக்கும் நேரத்தில் மெம்ப்ரேனின் இரு பக்கமும் உப்பு சமமாகிவிடும். அதனால் ஓட ஆரம்பித்த முதல் சில நிமிடத் தண்ணீரின் டிடிஎஸ் மிக அதிகம். அதை டிஐ-க்குள் விடாமல் வெளியே விட்டுவிடுங்கள், இல்லையென்றால் ரெசின் பாதிக் காலத்திலேயே தீர்ந்துபோகும்.

ரெசின் தீரப்போகும்போது முதலில் நழுவி வருவது சிலிக்கேட். அதற்கு மின்சுமை மிகக் குறைவு, டிடிஎஸ் மீட்டர் அதைச் சரியாகப் பார்ப்பதில்லை. பூஜ்யம் காட்டும்போதே பழுப்புப் பாசி திரும்பி வருவது இதனால்தான். மீட்டரில் 1 வந்ததும் ரெசினை மாற்றிவிடுங்கள், 5 வரட்டும், 10 வரட்டும் என்று பார்த்திருக்க வேண்டாம். குளோரினையும் மீட்டர் காட்டாது. கார்பன் ஃபில்டர் தாண்டிய தண்ணீரை அவ்வப்போது குளோரின் பட்டையால் சோதியுங்கள். கார்பன் ஓய்ந்தால் குளோரின் போய் மெம்ப்ரேனையே அரித்துவிடும்.

நைட்ரேட் 25-க்கும் பாஸ்பேட் 0.2-க்கும் மட்டும் தண்ணீரைக் குறை சொல்லாதீர்கள். அவற்றில் பெரும்பங்கு தீவனத்திலிருந்து வருவதுதான்.

கேட்டவர்

டி இணைப்பும் டிஐ குடுவையும் மாட்டிவிட்டேன், மீட்டர் பூஜ்யம் காட்டுகிறது. மிக்க நன்றி. இரண்டு சந்தேகம். புதுத் தண்ணீரின் பிஹெச் 6-க்குக் கீழே காட்டுகிறது, ஆபத்தா? தொட்டியில் ஏற்கெனவே இருக்கும் தண்ணீரை ஒரேயடியாக மாற்றிவிடலாமா?

பதில் 2

பிஹெச் பற்றிப் பயம் வேண்டாம். சுத்தத் தண்ணீரில் தாங்குதிறன் இல்லை, காற்றிலுள்ள கரியமில வாயு கொஞ்சம் கரைந்தாலே 5.5 வரை இறங்கிவிடும். உப்புக் கலவை சேர்த்ததும் 8-க்கு மேல் வந்து நிற்கும். அதிலிருக்கும் கார்பனேட்டுதான் பிஹெச்சைப் பிடித்து வைக்கிறது.

ஒரேயடியாக மாற்றாதீர்கள், பவளங்கள் அதிரும். வாரம் கால் பங்கு போதும். தண்ணீரில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், உப்பின் மேல் தண்ணீர் ஊற்றினால் கால்சியம் வெள்ளையாகப் படிந்துவிடும். ஒரு பம்ப் வைத்து நன்றாகக் கலக்கவிட்டு, உப்பு 35, வெப்பம் தொட்டியோடு சமம் என்று பார்த்தபின் ஊற்றுங்கள். டாப்-அப்புக்கு உப்பில்லாத டிஐ தண்ணீர் மட்டும். கூடவே செம்பை உறிஞ்சும் ரெசினை ஒரு பையில் போட்டு நீரோட்டத்தில் வையுங்கள். கல்லிலிருந்து வெளியே வருவதையும் அது பிடிக்கும்.

புது நத்தைகளை உடனே இறக்க வேண்டாம். நாலைந்து முறை தண்ணீர் மாற்றிய பிறகு ஒன்றே ஒன்றை விடுங்கள். அது இரவில் கண்ணாடியில் ஏறி மேய்ந்து, சில வாரம் தெம்பாக இருந்தால் மற்றவற்றை வாங்கலாம்.