கரண்ட் இல்லாத ஊரில் கௌராமி: உங்க வீட்டுத் தொட்டிக் கதையைச் சொல்லுங்க

தாம்வே நாலாம் மாடி

ரங்கூன்ல மீன் வளர்க்கிறவங்க பேச்சு எங்கே ஆரம்பிச்சாலும் கடைசியில கரண்டுலதான் வந்து நிக்குது. எப்போ வரும், எப்போ போகும், பேட்டரி பம்ப் எவ்வளவு நேரம் தாங்கும். தங்கமீன் வெச்சிருந்த பக்கத்து வீட்டுக்காரர் தொட்டியைத் துடைச்சு அதுல இப்போ வெங்காயம் கொட்டி வெச்சிருக்கார். எங்க வீட்டுத் தொட்டியில இன்னும் மீன் ஓடுதுன்னா, உள்ளே இருக்கிறது கௌராமிங்கிறதாலதான்.

தெரியாதவங்களுக்காக ஒரு வரி. இந்த வகை மீனுக்குச் செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பா ஓர் உறுப்பு இருக்கு, லாபிரிந்த்னு பேரு. மடிப்பு முழுக்க ரத்தம் ஓடுற மெல்லிய தோல். மீன் மேலே வந்து ஒரு வாய் காத்தை முழுங்கிட்டு இறங்கினா, அதுல இருந்தே ஆக்ஸிஜன் உடம்புல ஏறிடும். பைட்டர் மீனுக்கும் நம்ம பனையேறிக்கும் இதே ஏற்பாடுதான்.

ஏப்ரல்ல வர்ற திஞ்சான் தண்ணித் திருவிழா சமயத்துல நாலாம் மாடி எப்படி இருக்கும்னு சொல்லணுமா? தொட்டித் தண்ணியே 33 டிகிரி காட்டும். சூடு ஏற ஏறத் தண்ணியில கரையிற ஆக்ஸிஜன் குறையும், அதோட பம்பும் நின்னா கேக்கவே வேணாம். டெட்ரா எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கும். அதே தொட்டியில என்னோட முத்துக் கௌராமி ஜோடி, வயித்துத் துடுப்பு நூல் ரெண்டையும் முன்னால நீட்டி, கல்லையும் இலையையும் தடவித் தடவிப் பார்த்துக்கிட்டுத் தன்பாட்டுக்குத் திரியும். எப்பவாவது மேலே போய் ஒரு 'பொளக்'. அவ்வளவுதான்.

உங்க வீட்டுல எப்படி? கடை மீனா, வாய்க்கால் மீனா, குஞ்சு எடுத்திருக்கீங்களா? எழுதுங்க.

சிரியம் வாத்தியார்

தம்பி, இந்த மீனுக்குக் கடைக்குப் போவானேன்? நம் மண்ணுக்கே உரிய கௌராமி ஒன்று இருக்கிறதே.

கோடையின் கடைசியில் வருகிற கசோன் மாதப் பௌர்ணமி நெருங்கும்போது குட்டைகள் வற்றிவிடும். அவற்றில் அள்ளிய பொடி மீனை பகோடா வாசல்களில் வாளி வாளியாக வைத்து விற்பார்கள். வாங்கி ஆற்றில் விட்டால் புண்ணியம். விரால் குஞ்சும் கெளுத்தியுமாகத் துள்ளிக்கொண்டிருந்த அப்படியொரு வாளியின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் தட்டையான சில மீன்கள் ஒதுங்கி நின்றன. விற்ற அம்மாள் அவற்றைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து கண்ணாடி பாட்டிலில் விட்டுப் பார்த்தேன்: தடித்த மேலுதடு, உடம்பெங்கும் சாய்வாக நீலக் கோடுகள், வாலோரத்தில் செம்மஞ்சள். தடித்த உதட்டுக் கௌராமி, விஞ்ஞானப் பெயர் திரைகோகாஸ்டர் லாபியோசா. ஐராவதிப் படுகையின் மீன். 1877இல் பெயர் வைத்தவர் பிரான்சிஸ் டே. மதராஸ் பட்டாளத்தில் டாக்டராக வேலை பார்த்துக்கொண்டே மீன்களை எழுதி வைத்தாரே, அவரேதான். ஒன்பது சென்டிமீட்டருக்கு மேல் வளராது என்பதால் சின்னத் தொட்டிக்காரருக்கும் தோதானது.

ஆண் பெண் பிரிப்பது எளிது. முதுகுத் துடுப்பு பின்னால் கூராக முடிந்தால் ஆண், வட்டமாக முடிந்தால் பெண். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கருத்துக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்துவிடும்.

அவற்றைத் தாழ்வாரத்துச் சிமெண்ட் தொட்டியில்தான் விட்டிருந்தேன். கோடை முழுக்க ஒரு சலனமும் இல்லை. முதல் மழை கூரையிலிருந்து நேரே அதில் விழுந்தது. தண்ணீர் குளிர்ந்தது, மறுநாள் வெயிலில் மெல்லச் சூடேறியது. அதற்குத்தான் காத்திருந்தது போலும். ஆண் ஒரு வெங்காயத்தாமரை இலையின் அடியைத் தேர்ந்தெடுத்து, காற்றை வாயில் வாங்கி எச்சிலோடு குமிழ்குமிழாக ஊதி அடுக்க ஆரம்பித்தது. நடுவில் போய்ப் பாசித் துணுக்கைக் கடித்து வந்து அதில் செருகும். தள்ளி நின்று பார்க்கும். எங்கேயாவது குமிழ் உடைந்திருந்தால் திரும்ப வந்து ஊதும்.

பெண் தயாரானதும் அதுவே கூட்டுக்கு அடியில் வந்து ஆணின் விலாவை மூக்கால் இடிக்கும். ஆண் உடம்பை வளைத்துப் பெண்ணை அணைத்து அப்படியே மல்லாத்திவிடும். ஒரு நொடி இரண்டும் அசையாது. பிறகு கடுகை விடச் சிறிய முட்டைகள் பொலபொலவென்று மேலே மிதந்து வரும். உள்ளே எண்ணெய்த் துளி இருப்பதால் இவை மூழ்குவதில்லை. கூட்டை விட்டு விலகியவற்றை ஆண் வாயில் பொறுக்கிக்கொண்டுபோய் நுரைக்குள் துப்பும். திரும்ப அணைப்பு. மதியம் முழுக்க இதே வேலை, மொத்தத்தில் சில நூறு முட்டை. முடிந்த கையோடு பெண்ணை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும், இல்லையென்றால் துடுப்பைக் கிழித்துவிடும் அந்தக் காவல்காரன்.

ஒன்றிரண்டு நாளில் நுரையிலிருந்து கண்ணிமை முடி அளவுகூட இல்லாத வால்கள் தொங்கும். விழுகிற குஞ்சை ஆண் பிடித்துப் பிடித்து மேலே வைக்கும். அவை கிடைமட்டமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் எடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் ஆணுக்கு அவை பிள்ளைகளாகத் தெரிவதில்லை.

டல்லா அக்கா

எங்க பக்கம் கோடையில தண்ணிக்குத் திண்டாட்டம், அதனால மழைத்தண்ணியைப் பீப்பா பீப்பாயா பிடிச்சு வெப்போம். பிடிச்சா கொசு. டெங்கு சீசன்ல மருந்துப் பொட்டணம் போடச் சொல்லுவாங்க, அந்தத் தண்ணியில பாத்திரம் கழுவ எனக்கு மனசு வராது. வாத்தியார் ஐயா சொல்ற அதே வாய்க்கால் மீனை பீப்பாய்க்கு ரெண்டு போட்டு வெச்சிருக்கேன். ஒரு புழு நெளியாது. பம்பும் கிடையாது, தீனியும் கிடையாது. குடிக்கிற தண்ணியில மட்டும் போடறதில்ல, அது தனி, மூடிதான்.

பெகு பண்ணைக்காரன்

எல்லாரும் கரண்ட் வேணாம் கரண்ட் வேணாம்னு எழுதிட்டே போறீங்க. பத்து வீட்டுக்காரங்க இதைப் படிச்சுட்டு பில்டரைக் கழட்டிப் போட்டாங்கன்னா யார் பொறுப்பு? நான் கடைகளுக்குக் குஞ்சு எடுத்துக் கொடுக்கிறவன், அதனால சொல்றேன்.

முதல்ல, காத்து குடிக்கிற மீன் ஆக்ஸிஜன் குறைவைத்தான் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது. மீன் கழிவுல வர்ற அம்மோனியாவை பில்டர் பஞ்சுல குடியிருக்கிற பாக்டீரியாதான் மாத்துது, அதுக்கு ஓடுற தண்ணி வேணும். மூடின டப்பா பில்டர் நாலஞ்சு மணி நேரம் நின்னுச்சுன்னா உள்ளே இருக்கிற தண்ணி கெட்டுப்போகும். கரண்ட் வந்ததும் அந்த நாத்தத்தையெல்லாம் ஒரேயடியா தொட்டியில கொட்டும். காலையில மீன் செத்துக் கிடக்கும், ஆளுங்க கரண்ட் போனதால செத்துச்சும்பாங்க. கரண்ட் வந்ததாலதான் செத்திருக்கும். அதனால நம்ம ஊருக்கு டப்பா பில்டர் ஆகாது. தொட்டிக்குள்ளேயே திறந்து நிக்கிற ஸ்பாஞ்ச் பில்டர் வைங்க, மீனைக் குறைங்க, செடியைக் கூட்டுங்க, வாரத்துக்கு கால் தொட்டித் தண்ணி மாத்துங்க.

அடுத்தது இதைவிட முக்கியம். லாபிரிந்த் பொறக்கும்போதே வர்றதில்ல. பொரிச்ச குஞ்சு செவுளாலதான் மூச்சு விடுது. அந்த உறுப்பு வளர்ந்து வேலை செய்ய மூணு வாரத்துல இருந்து அஞ்சாறு வாரம் ஆகும். அதுவரைக்கும் உங்க கௌராமிக் குஞ்சும் டெட்ராவும் ஒண்ணுதான், காத்து நின்னா அதுவும் நிக்கும். குஞ்சுத் தொட்டிக்கு மட்டுமாவது பேட்டரி பம்ப் வைங்க, முத்து முத்தா மெதுவா விட்டாப் போதும். வேகமா விட்டா நுரைக்கூடு கலைஞ்சுடும், குஞ்சும் சுழன்று சாகும்.

உறுப்பு முளைக்கிற அந்த வாரங்கள்ல மூடி விஷயம் இருக்கு. முதல் வாய்க் காத்தைக் குடிக்க மேலே வர்ற குஞ்சுக்கு, தண்ணிக்கு மேலே இருக்கிற காத்து தண்ணியளவு சூடா ஈரமா இருக்கணும். டிசம்பர், ஜனவரி ராத்திரியில மூடி போடாத தொட்டியில கொத்துக் கொத்தா போகும். கண்ணாடியோ பிளாஸ்டிக் தாளோ, ஏதாவது ஒண்ணைப் போட்டு மூடுங்க. விளிம்புல விரலிடுக்கு விட்டாப் போதும்.

தாம்வே நாலாம் மாடி

அண்ணே, நான் வளர்ந்த மீனைப் பத்தித்தான் எழுதினேன், குஞ்சைப் பத்திப் பேச்சே எடுக்கலியே! ஆனா டப்பா பில்டர் விஷயம் நூத்துக்கு நூறு. எங்க பில்டிங்ல மூணாம் மாடிக்காரருக்கு அப்படித்தான் ஆச்சு, அவர் இன்னமும் தண்ணி கம்பெனியைத் திட்டிக்கிட்டு இருக்கார்.

லன்மடோ தம்பி

கடை மீன் வாங்கறவங்களுக்கு என் பங்குக்குக் கொஞ்சம்.

குள்ளக் கௌராமி, அந்தச் சிவப்பும் நீலமுமா மின்னுமே, அது அழகுதான். தொட்டிக் கண்ணாடியில தண்ணி மட்டத்துக்கு மேலே ஓர் எறும்பு ஏறினா, அடியில வந்து சாய்ஞ்சு நின்னு குறி பார்த்து, வாயால ஒரு சொட்டுத் தண்ணியைப் பீய்ச்சும். எறும்பு விழும், லபக். எங்க பாட்டி அதுக்காகவே சர்க்கரை தடவி வைப்பாங்க. ஆனா அந்த மீனுக்குன்னே ஒரு இரிடோவைரஸ் இருக்கு. வயிறு உப்பும், உடம்புல புண் வரும், நிறம் மங்கும், மருந்து கிடையாது. கடையில எந்தத் தொட்டியில ஒண்ணு சோர்ந்து மூலையில நின்னாலும் அந்தத் தொட்டி முழுக்கவே வாங்காதீங்க. வாங்கினதையும் ரெண்டு மூணு வாரம் தனியா வெச்சுப் பாருங்க.

மூணு புள்ளிக் கௌராமி கெட்டி. உடம்புல ரெண்டு புள்ளிதானே இருக்குன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க, மூணாவது புள்ளி அதோட கண்ணு. ஆனா ஒரே தொட்டியில ரெண்டு ஆண் வேணாம்.

அப்புறம் 'சாக்லேட் கலர் குட்டி கௌராமி, கோடு போட்டது' அப்படின்னு ஒண்ணு விப்பாங்க. உண்மையான சாக்லேட் கௌராமி வேற. அது ராட்சசக் கௌராமியோட குஞ்சு. சின்னதுல உடம்புல கோடு இருக்கும், வளர வளரக் கோடு போயிடும், நெத்தி புடைக்கும், அரை மீட்டரைத் தாண்டியும் போகும். என் மாமா வீட்டுல இருக்கிறது இப்போ கையால கீரை வாங்கித் தின்னுது. அதைக் குளிக்கிற தொட்டிக்கு மாத்திட்டு மாமா வாளியில குளிக்கிறார்.

கேள்வி ஒண்ணு: ஹோபோங் கேலக்ஸி மீனை இதுங்களோட சேர்க்கலாமா? ரெண்டும் நம்ம ஊர் மீன்தானே.

சிரியம் வாத்தியார்

சேர்க்காதே தம்பி. அது ஷான் மலையில் ஆயிரம் மீட்டருக்கு மேலே, ஊற்றுத் தண்ணீரில் வாழ்வது. 2006இல் கண்டுபிடித்து 2007இல் செலஸ்டிக்திஸ் மார்கரிட்டாட்டஸ் என்று பெயர் வைத்தார்கள், பிறகு அது டேனியோ மார்கரிட்டாட்டஸ் ஆனது. குளிர்ந்த, பம்ப் ஓடுகிற தண்ணீர் கேட்கும். நம் ஏப்ரலுக்கே அது தாங்காது. வாயில் கொள்கிற அளவில் இருந்தால் கௌராமி வேறு விழுங்கிவிடும். நாடு ஒன்று என்பதால் தண்ணீர் ஒன்றாகிவிடுமா?

டல்லா அக்கா

குஞ்சுக்கு என்ன தீனின்னு யாரும் சொல்லவே இல்லையே. பீப்பாயில தானா பொரிச்சதை நான் வளர்த்திருக்கேன். முட்டை மஞ்சக்கரு கரைச்சு ஊத்துறாங்க சில பேர், அந்தத் தண்ணி மறுநாளே நாறும். வாய்க்கால்ல இருந்து வெங்காயத்தாமரையை வேரோட எடுத்து, அந்த வேரைத் தொட்டித் தண்ணியில அலசி விடுவேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சியெல்லாம் அதுல இருக்கு, குஞ்சு நாள் பூரா அதைக் கொத்திக்கிட்டே இருக்கும். ஆனா வேருக்குள்ள தும்பிப் புழு ஒளிஞ்சிருக்கும், பழுப்பா, ஆறு காலோட. அது ஒண்ணு உள்ளே போனா ஒரு ராத்திரியில பாதிக் குஞ்சு காணாமப் போகும். வெள்ளைப் பேசின்ல முதல்ல அலசிப் பார்த்துட்டுத்தான் தொட்டிக்கு.

பெகு பண்ணைக்காரன்

அக்கா முறை நல்ல முறை. வேர் கிடைக்காத மாடி வீட்டுக்காரங்க, காய்ஞ்ச வாழை இலையையோ வைக்கோலையோ ஒரு ஜாடித் தண்ணியில ஊற வைங்க, கூடவே ஒரு கரண்டி பழைய குளத்துத் தண்ணி. முதல்ல வெள்ளையா கலங்கும், நாறும், அப்போ ஊத்தாதீங்க. சில நாள்ல தெளிஞ்சு நாத்தம் போயிடும், டார்ச் அடிச்சா தூசி மாதிரி எதுவோ நகரும். அதுதான் தீனி. அதைக் குஞ்சு பொரிக்கிறதுக்கு முன்னாடியே தயார் பண்ணணும், பொரிச்ச பிறகு ஓடினா நேரம் பத்தாது. ஒரு வாரம் பத்து நாள் ஆனதும் ஆர்ட்டீமியா, அதாவது உப்புத்தண்ணியில வாழுற பொடி இறால் மாதிரிப் பூச்சி, அதோட முட்டையைப் பொரிச்சுக் கொடுக்கலாம். வயிறு ஆரஞ்சா தெரிஞ்சா தின்னுருக்குன்னு அர்த்தம்.

பண்டா மரத்து (நாட்டு வாதுமை) சருகு ஒண்ணு ரெண்டு தொட்டியில போட்டா, தண்ணி டீ நிறத்துக்கு வரும், நுரைக்கூடு கட்ட ஆணுக்கு மறைவும் கிடைக்கும். தெரு ஓரத்துல பொறுக்கறதா இருந்தா சாக்கடைப் பக்கம் விழுந்ததை எடுக்காதீங்க.

சிரியம் வாத்தியார்

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். குஞ்சு பெருகிப்போனால் புண்ணியம் என்று மூணு புள்ளியையும் முத்துக் கௌராமியையும் கந்தோஜி ஏரியிலோ ஆற்றிலோ கொண்டுபோய் விடாதீர்கள். வாளியில் வந்த உள்ளூர் மீன் வேறு, தொட்டியில் வளர்ந்த கடை மீன் வேறு. கடை மீனோடு கடை நோயும் சேர்ந்து போகும்.

உள்ளூர்க் குஞ்சு என்னிடம் நிறைய இருக்கிறது. தன்லின் பாலம் தாண்டி வருகிற யார் கேட்டாலும் சும்மா தருகிறேன். பையில் கொண்டுபோவதானால் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், மிச்சம் வெறும் காற்று. சிலிண்டர் ஆக்ஸிஜன் அடைக்க வேண்டாம், இந்த மீனுக்குக் காற்றே நல்லது.

டல்லா அக்கா

ஐயா, எனக்கு நாலு ஜோடி. ஞாயித்துக்கிழமை மூடி போட்ட வாளியோட வர்றேன்.