மறுமொழி: அனார்க்கிக்கு ‘அராஜகம்’ வேணாம், ‘மேலரசின்மை’ போடலாம்

> அகராதியிலேயே அராஜகம் என்று இருக்கும்போது புதுச்சொல் எதற்கு? தவிர, ஐ.நா. சபை மேலே இருக்கத்தானே செய்கிறது?

ஐயா வணக்கம்,

சர்வதேச உறவுப் பாடத்துல, நாடுங்களுக்கு மேல ஒரு அரசு இல்லாத நிலையத்தான் அனார்க்கின்னு சொல்றாங்க, அதுக்குத்தான் ‘மேலரசின்மை’ போடலாம்னேன். அராஜகம் அகராதில இருக்கு, சரிதான். ஆனா எங்க ராயபுரம் பக்கம் அந்தச் சொல்லு எப்படி ஓடுதுன்னு பாருங்க, "வட்டிக்காரன் வீட்டாண்ட வந்து அராஜகம் பண்றான்"னுவாங்க, அதாவது அடாவடி. இத வெச்சு சர்வதேச உறவு அறிஞர் கென்னத் வால்ட்ஸ் 1979ல எழுதுனத பாடம் எடுத்தா, நாடுங்க எல்லாம் ரவுடித்தனம் பண்ணுது அதனாலதான் சண்டைன்னுதான் பசங்க புரிஞ்சுக்குவாங்க. வால்ட்ஸ் சொன்னது வேற. ஒரு நாடு கூட கெட்டதா இருக்க வேணாம், எல்லாத்துக்கும் மேல உக்காந்து கட்டுப்படுத்த ஒரு அரசு இல்ல, அது போதும், அவங்கவங்க உசுர அவங்கவங்களே காப்பாத்திக்கணும்னு ஆயிடும், போட்டி தன்னால வரும். மனுஷனோட அதிகார ஆசைதான் காரணம்னு 1948ல மார்கன்தாவ்ங்கிற இன்னொரு அறிஞர் சொன்னாரே, அதுலேர்ந்து வால்ட்ஸ் பிரியிற இடமே இதுதான், அராஜகம்னு போட்டா அந்தப் பிரிவே அழிஞ்சு போயிடுது.

தம்பி ஒருத்தர் "அரசின்மை" சொல்லியிருந்தாரு. அது க்ரோபோட்கின் மாதிரி அரசே வேணாங்கிறவங்களுக்கு ஏற்கெனவே பொழங்குது. இங்க அரசுங்க இருக்கு, பீரங்கியோட இருக்கு, அதுங்களுக்கு மேல ஒண்ணுதான் இல்ல. அதான் மேலரசின்மை.

ஐ.நா. கேள்வி நல்ல கேள்வி. 1945ல வந்த அந்த சபைக்கு சொந்தமா ஒரு ராணுவம் கிடையாது, பாதுகாப்புக் கவுன்சில்ல அஞ்சு நாட்டுக்கு வீட்டோ இருக்கு, 2003ல கவுன்சில் தெளிவா அனுமதி குடுக்காமலே அமெரிக்கா ஈராக்குக்குள்ள போச்சு, தடுத்து நிறுத்த யாரு இருந்தா? சபை இருக்கு, மேலரசு இல்ல, இந்த ஒரு வரி தமிழ்ல இவ்ளோ சுருக்கா வருதே, அதுக்காகவே இந்தச் சொல்ல எடுத்துக்கலாம்.

நான் பசங்களுக்கு, முதல் உலகப் போர்ல சென்னை மேல குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன வெச்சுதான் சொல்லுவேன். பாரிஸ் கார்னர்ல ஐகோர்ட் மதில்ல அதப் பத்தின கல்வெட்டு இருக்கு, தினமும் அந்த வழியா பஸ்ஸுல போறவங்கதான் எல்லாரும். 1898லயும் 1900லயும் ஜெர்மனி கடற்படைச் சட்டம் போட்டு கப்பல் கட்ட ஆரம்பிச்சுது, எங்க வியாபாரத்த பிரிட்டன் எப்ப வேணா முடக்கிடும்னு அதுக்கு பயம். நாங்க தீவு, கடல் போச்சுன்னா சோறு போச்சுன்னு பிரிட்டனுக்கு பயம், 1906ல ட்ரெட்நாட்டுங்கிற பெரிய போர்க்கப்பல எறக்குனாங்க, உடனே ஜெர்மனியும் அதே மாதிரி கட்டுச்சு. ரெண்டு பேருமே தற்காப்புன்னுதான் சொன்னாங்க, அதுல பொய் இருக்கணும்னு கூட இல்ல, ஆனா எதிராளி மனசுல இருக்கறத உறுதியா தெரிஞ்சுக்க வழி ஏது? ஜான் ஹெர்ஸ் 1950ல செக்யூரிட்டி டைலமான்னு பேர் வெச்சது இந்தச் சிக்கலுக்குத்தான். போருக்கு இது ஒண்ணே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா 1914 செப்டம்பர் 22 ராத்திரி நம்ம துறைமுகத்தாண்ட பர்மா ஆயில் டேங்குங்க எரிஞ்சப்போ, எங்கியோ ஐரோப்பாவுல கிளம்புன பயம் இங்க வந்து குண்டா விழுந்துச்சுன்னு சொன்னா பசங்களுக்கு சட்டுனு பிடிபடுது.

இந்தச் சொல்லுல இன்னொரு வசதி, மேர்ஷைமர்ங்கிற அறிஞர் சொன்னதுக்கும் இது ஒத்து வருது. 2001ல அவரு வால்ட்ஸ விட ஒரு படி மேல போயி, போதும்ங்கிற அளவே பெரிய நாடுங்களுக்கு கிடையாது, எல்லாரையும் விட வலுவா இருந்தாதான் நிம்மதின்னாரு. "மேலரசு இல்லாததால் ஒவ்வொரு வல்லரசும் மேலாதிக்கம் தேடுகிறது". எழுதிப் பாருங்க, ஒட்டுது.

எனக்கு இன்னும் மாட்டிக்கிட்டு நிக்கறது செல்ஃப் ஹெல்ப், அதாவது முன்ன சொன்ன, அவங்கவங்க உசுர அவங்கவங்களே காப்பாத்திக்கறது. "சுயஉதவி"ன்னா மகளிர் சுயஉதவிக் குழுதான் ஞாபகம் வருது. தன் கையே தனக்குதவின்னு பழமொழி இருக்கே, அதுலேர்ந்து "தன்கைக்காப்பு"ன்னு எடுக்கலாமா? அடுத்த ஞாயித்துக்கிழமை வகுப்புக்கு குறிப்பு ஜெராக்ஸ் போடணும், அதுக்குள்ள யாராவது சொல்லுங்க.