புதுப்பிப்பு: ருமேனிய ராணுவ புக்ல இருந்த 'சி.டி.ஜி. 1939' புதிர் தீந்துச்சு

போன மாசம் ஒரு ருமேனிய 'லிவ்ரெட் மிலிடார்', அதாவது சிப்பாயோட அடையாள புக், போட்டோ போட்டு 'சி.டி.ஜி. 1939'னா என்னன்னு கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. அது புக் குடுத்த வருஷம் இல்ல, ஆள் சேத்த பேட்ச், 'கோன்டின்ஜென்ட்'ங்கறதோட சுருக்கம்னு ஒருத்தர் சொன்னீங்க பாருங்க, அதுதான் கரெக்ட். நான் பாட்டுக்கு வருஷம் ஒத்துவரலன்னு போலி புக்னே முடிவு கட்டிட்டேன்!

எதிர்பாக்காதது கடைசி பக்கத்து சீல்தான், 'லசாத் லா வாத்ர', டிக்‌ஷனரிய பாத்தா 'அடுப்புகிட்ட விட்டாச்சு'ன்னு வருது, ஆனா நெஜ அர்த்தம் சர்வீஸ் முடிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டாங்கங்கறது. ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மனி கூட இருந்த ருமேனியா, 1944 ஆகஸ்ட் 23ல நேச நாடுகள் பக்கம் மாறுனதால மொதல்ல சோவியத்துக்கு எதிரா, அப்புறம் ஜெர்மனிக்கு எதிரான்னு ரெண்டு சண்டையும் ஒரே புக்ல இருக்கு. யூனிட் விவரத்துக்கு ருமேனியாவுல பிடேஷ்ட்டிங்கற ஊர்ல இருக்குற ராணுவ ஆவணக் காப்பகத்துக்கு எழுதணும்.