கொக்கிளாய் மணலில் சீசியம்-137ஐப் பிரித்தறிய முடியவில்லை

வணக்கம். கதிரியக்கச் சரக்கு ஏற்றிய கப்பல் எதுவும் எங்கள் கடலில் விபத்துக்குள்ளானால் ஒப்பிட்டுப் பார்க்க, முல்லைத்தீவுக் கரையில் சீசியம்-137இன் (அணுப்பிளவில் உருவாகும் கதிரியக்கப் பொருள்) அடிப்படை அளவு இப்போதே வேண்டும். பிறகு தேட ஏலாது. ஆனால் சிக்கல் மணலிலேயே இருக்கிறது.

கொக்கிளாய், நாயாறு பக்கம் வாடைக்காற்று அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கறுப்பு வரி தெரியுந்தானே? அதில் இல்மனைற் என்ற கறுப்புக் கனிமத்தோடு மொனசைற் என்ற கனிம மணிகளும் உண்டு, மொனசைற்றில் இயற்கைக் கதிரியக்கமுள்ள தோரியம். காமாக் கதிர் நிறமாலையில் சீசியம்-137இன் உச்சி 662 கிலோ இலத்திரன்வோல்ற்றில் (கதிரின் ஆற்றல் அலகு). இருபுறமும் தோரியம், யுரேனியம் சிதைந்து வரும் தாலியம்-208 (583), பிஸ்மத்-214 (609), பிஸ்மத்-212 (727). எங்களிடம் உள்ள 3×3 அங்குல சோடியம் அயடைட் உணரியின் பிரிதிறன் 7 சதவீதம், அதாவது அந்த இடத்தில் ஒரு உச்சி 46 கிலோ இலத்திரன்வோல்ற் அகலம். எல்லாம் ஒரே மேடாகிவிடுகிறது.

10 செ.மீ. ஈயக் கவசம் போட்டாயிற்று. மாதிரியை உலர்த்தி, மரினெல்லி முகவையில் (உணரியைச் சூழ்ந்து பொருந்தும் கலம்) காற்றுப் புகாமல் அடைத்து 4 வாரம் வைத்து, 24 மணித்தியாலம் எண்ணினோம். தோரியத்தின் 2614, யுரேனியத்தின் 1764 உச்சிகளை வைத்து அவற்றின் பங்கைக் கழித்தால், அதே முகவைக்கு சீசியம் ஒருநாள் மறை எண், மறுநாள் நேர் எண். நியோடிமியம் காந்தத்தால் இல்மனைற் போகிறது, மொனசைற் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

மணலை விட்டால், கடல்நீரில் அமோனியம் பொஸ்போமொலிப்டேற் என்ற சேர்வையை இட்டுச் சீசியத்தைப் படியவைக்கலாம். ஆனால் 100 லீற்றரில் கிடைப்பது மிகச் சொற்பம். களப்புச் சேற்றுக் களி சீசியத்தை நன்றாகப் பிடிக்கும், மொனசைற்றும் குறைவு.

உச்சிகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டும் ஜேர்மானியம் உணரி கைக்கு எட்டும்வரை, அடிப்படை மாதிரியாகக் களப்புச் சேற்றை எடுப்பதா, கடல்நீரையா?